நான் வேகமாக்கிய கணினி

எங்கள் வீட்டுக் கணினியை முடுக்கிவிட்டு அடுக்களைக்குப் போய், டீ போட்டுக் குடித்து, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் அது விழித்திருக்காது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கியது. அவளுக்கு இப்போது பதினொரு வயது. அவளாவது எழுப்பினால் எழுந்திருப்பாள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்குகளுக்குக் காகித வேலை பார்த்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். அங்கே எந்தக் கணினி மக்கர் செய்தாலும் எனக்குத்தான் குரல் வரும். "அண்ணாச்சி, இங்கன கொஞ்சம் வாங்க, பிரிண்ட் வர மாட்டேங்கு" என்பார்கள். நான் போய் நிறுத்திவிட்டு மறுபடி போடுவேன். பெரும்பாலும் சரியாகிவிடும். எனக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான், ஆனால் அதற்குக் கிடைத்த மரியாதை தலைக்கு ஏறிவிட்டது.

போன வருஷம் காலாண்டு விடுமுறைக்கு என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு எட்டயபுரத்திலுள்ள தன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். ஊருக்குப் போகும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "வந்ததும் ஒரு பிரிண்ட் எடுக்கணும். இந்தக் கம்ப்யூட்டர் உயிரை எடுக்கு, கொஞ்சம் என்னன்னு பாருங்க." என்ன பிரிண்ட் என்று நான் கேட்கவில்லை. பாருங்கள் என்று சொல்லிவிட்டாள் அல்லவா, அது போதும் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் பெட்டியைத் திறந்தேன். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று நேராக உள்ளே வரும். மின்விசிறியில் உப்பும் தூசியும் சேர்ந்து அப்பியிருந்தன. ஒரு திருகாணி துருப்பிடித்துக் கையோடு உடைந்து வந்தது. பழைய பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தேன். கடையிலிருந்து வாங்கி வந்த மெமரியைச் செருகினேன். பிறகு செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, அதில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தேன். தானாகத் தொடங்கும் நிரல்களை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். தேவையில்லாத ஃபாண்ட்களை, அதாவது எழுத்துருக்களை, அழித்தால் வேகம் கூடும் என்றார்கள். திறந்து பார்த்தால் நூற்றுக்கணக்கில் கிடந்தன. கல்யாணத்துக்கு முன் என் மனைவி அச்சகம் ஒன்றில் தமிழ் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். அங்கிருந்து கொண்டுவந்தவை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஆங்கிலத்தில் சரக்குப் பட்டியல் அடிக்கிற எனக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. அவளுக்கு இருக்குமே என்று தோன்றவில்லை.

வேகம் கூடியது. சோதித்துப் பார்க்க அவளுடைய ஃபோல்டரில் இருந்த ஒரு ஃபைலைத் திறந்தேன். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக்கள், இடையிடையே அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும், ஒரு சொல்லுக்கும் அர்த்தமில்லை. அடுத்ததும் அப்படியே. எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை வைரஸ் புகுந்து ஃபைல்களையெல்லாம் இப்படித்தான் குதறிப் போட்டிருந்தது. அப்போது சரிசெய்ய வந்தவர் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். இன்னொரு வீடியோவைப் பார்த்து நானும் அதையே செய்தேன். என் போட்டோக்களை மட்டும் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டேன். வைரஸ் ஒட்டிய ஃபைல்களை யாராவது எடுத்து வைப்பார்களா?

மத்தியானம் சாப்பிட்டீர்களா என்று கேட்க அவள் போன் செய்தாள். "வந்து பாரு, அசந்துபோவ" என்றேன். துடைப்பதற்கு முன் நானே போன் செய்து, அது என்ன ஃபைல் என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை வந்தார்கள். மகள்தான் முதலில் சுவிட்சைப் போட்டாள். சில விநாடிகளில் திரை வந்துவிட்டது. "எம்மா, இங்க பாரு, உடனே வந்துட்டு" என்று கூப்பிட்டாள். என் மனைவி சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தேடினாள். சிரிப்பு நின்றது.

"பிள்ளையோட ஃபைல எங்கன வச்சிருக்கிய?"

என்ன ஃபைல் என்றேன். அவள் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். எங்கள் மகளுக்கு ஆறு வயதிலிருந்து வலிப்பு உண்டு. பெரிதாக வந்தால் வீடே பார்க்கும். சின்னது அப்படியில்லை. பேசிக்கொண்டே இருப்பவள் பாதிச் சொல்லில் கண் நிலைகுத்தி நிற்பாள், மறு நிமிஷம் ஒன்றும் நடக்காதது போலத் தொடர்வாள். அந்தச் சின்னதுகளையும் சேர்த்து, என்றைக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், முந்தின இரவு தூங்கினாளா, மாத்திரை தாமதமானதா என்று நாலு வருஷமாக என் மனைவி எழுதி வந்திருக்கிறாள். சாயங்காலம் அவள் கணினி முன்னால் உட்காரும்போதெல்லாம், "என்ன, சமையல் குறிப்பா?" என்று கேலி செய்திருக்கிறேன். அவளும் "ஆமா" என்றுவிட்டு அடித்துக்கொண்டிருப்பாள். வியாழக்கிழமை மதுரையில் டாக்டரைப் பார்க்க வேண்டும். இரண்டு வருஷக் குறிப்பை முழுதாகக் கொண்டுவரச் சொல்லியிருந்தாராம். சின்னதுகள் நின்றிருப்பது அதில் தெரிந்தால் மாத்திரையைக் குறைக்கத் தொடங்கலாம் என்றாராம். குறைத்தால் மகள் வகுப்பில் தூங்கி விழ மாட்டாள். சைக்கிள் ஓட்டலாம்.

அப்போது நான் சொன்ன பதிலை எழுதக் கை கூசுகிறது. "நீ போன அன்னைக்கே அது தானா படுத்துட்டு. எல்லாம் போச்சு. கடைக்காரர்தான் திருப்பி ஏத்தித் தந்தாரு." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் நம்பினாள். நம்பியது மட்டுமில்லை, "பஸ்ஸுக்கு நேரமாயிட்டுன்னு நான்தான் சரியா நிறுத்தாம பிளக்கப் பிடுங்கிட்டேன். அதுலதான் போயிருக்கும்" என்று பழியையும் தானே எடுத்துக்கொண்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. மகள் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஹார்டு டிஸ்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவர் வெகுநேரம் முயன்றுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பழசு மேலயே புதுசா எழுதிட்டிய அண்ணாச்சி, இனி வராது. ஃபைலத் திறந்தப்போ என்ன தெரிஞ்சிது?"

சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது வைரஸ் இல்ல அண்ணாச்சி. பழைய தமிழ் ஃபாண்டுல அடிச்சது. அந்த ஃபாண்ட எடுத்துட்டா அப்படித்தான் தெரியும். திரும்பப் போட்டிருந்தா அத்தனையும் தமிழா வந்திருக்கும்."

ஆக நான் திறந்து பார்த்தபோதுகூட அத்தனையும் பத்திரமாக இருந்திருக்கிறது. கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு குப்பை என்று துடைத்திருக்கிறேன். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

வியாழக்கிழமை நானும் மதுரைக்குப் போனேன். வழக்கமாக என் மைத்துனர்தான் கூடப் போவார். எனக்கு எப்போதும் கப்பல் வந்துவிடும். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்கதான் அப்பாவா?" என்றார். அந்த அறையில் அதுவரை நான் நுழைந்ததே இல்லை.

குறிப்பு இல்லை என்றதும் அவருக்குக் கோபம் வந்தது. "இத்தனை வருஷம் ஒழுங்கா எழுதிட்டு, ஒரு காப்பி எடுத்து வைக்கணும்னு தெரியாதாம்மா? சும்மா வாயால சொன்னா நான் எதை நம்பிக் குறைக்கிறது?" என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் சார்" என்றாள். பெரிய வலிப்புகளின் தேதியை மனப்பாடமாகச் சொன்னாள். சின்னதுகளில் தடுமாறினாள். அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. கடைசியா எப்போ நீங்க பார்த்தீங்க?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எந்தக் கப்பல் எப்போது உள்ளே வந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆறு மாதம் மறுபடி எழுதிக் கொண்டுவாருங்கள், அதுவரை அதே மாத்திரை, அதே அளவு என்று அனுப்பிவிட்டார். மகள் வாசலிலேயே அழத் தொடங்கினாள். "உன்னாலதான்" என்று அம்மாவிடம் சொன்னாள். பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காராமல் முன் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

என் மனைவி பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, நினைவில் இருப்பதையெல்லாம் எழுதத் தொடங்கினாள். அருப்புக்கோட்டை தாண்டியதும் பேனாவை நிறுத்தி, "உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஞாபகம் இருந்தாச் சொல்லுங்களேன்" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே உதவி கேட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாண்டை அழித்தது, வைரஸ் என்று நினைத்தது, கடைக்காரர் சொன்னது, பொய்.

அவள் நோட்டை மூடினாள். எட்டயபுரம் வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு, "எங்கிட்டச் சொன்னது போதாது. அவகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

எழுந்து முன் சீட்டுக்குப் போனேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு அம்மா மேல் இல்லை, அப்பாதான் அழித்தேன் என்று சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். கணினியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"டாக்டர் அம்மாவத் திட்டும்போது நீங்க ஏம்ப்பா சும்மா இருந்திய?"

பின்னால் இருந்து என் மனைவி கையை நீட்டி மகளின் தோளைத் தொட்டாள். "விடு பிள்ள. அப்பா பயந்துட்டாவ" என்றாள். நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலையும் அவள்தான் சொன்னாள்.