ராஜகுமாரியின் ரவிக்கை

குளத்தில் இறங்கிய ராஜகுமாரிக்கு ரவிக்கை வெட்டிக்கொண்டிருந்தார் சிங்காரவேல். பழைய காலண்டர் தாள். மைதாப் பசையைச் சுண்டுவிரலால் தொட்டு, மேல் ஓரத்தில் மட்டும் தடவிப் படத்தின்மேல் ஒட்டினார். கீழ் ஓரத்தை ஒட்டவே மாட்டார். "வேணாங்கறவங்க மூடிக்கினு படிக்கட்டும். வேணுங்கறவங்க தூக்கிப் பாத்துக்கட்டும். புக்கு எல்லாருக்கும் பொதுங்க" என்பார்.

மந்தாரக்குப்பம் சைக்கிள் கடையை ஒட்டித் தட்டி கட்டி, படக்கதைப் புத்தகங்களை வாடகைக்கு விடுகிறார். கையைத் துடைத்துக்கொள்ளாமல் யாரும் புத்தகத்தைத் தொடக் கூடாது. முனையை மடித்துவிட்டால் கோபம் வரும். திட்டத் தெரியாது, பாவம். அந்த முனையையே நீவிக்கொண்டிருப்பார்.

ஷிப்டு விட்டால் சண்டை ஆரம்பம். குவார்ட்டர்ஸ் ராஜேந்திரன் கிளார்க், மூன்று பெண்களைப் பெற்றவர். "பொண்ணுங்க படிக்கிற புக்கு. அந்தப் பக்கத்தையே கிழிச்சிடுங்க" என்பார். மைன்ஸில் வேலை பார்க்கும் வேணு விடமாட்டார், வேறொரு கதையை எடுத்துக் காட்டுவார். "கிழிக்கறதா இருந்தா இதக் கிழிங்க. கொடி புடிச்சவன் எல்லாம் கள்ளநோட்டு அடிக்கிறானாம். யூனியன்ல நாங்க நோட்டா அடிச்சிக்கினு இருக்கோம்?" இருவருக்கும் டீ சொல்லி, எதையும் கிழிக்காமல் அனுப்பிவைப்பார் சிங்காரவேல். எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

அவரையே கலங்கடித்தவர் மனைவி விருத்தாம்பாள். காண்ட்ராக்டில் மண் சுமக்கிறார், எழுத்துத் தெரியாது. சாயங்காலம் கணவர் கதை படிக்க, பக்கத்தில் மணைபோட்டு உட்கார்ந்து படம் பார்ப்பார். இருவருக்கும் அதுதான் சந்தோஷம். போன வாரம் திடீரென்று கேட்டார்: "ஏங்க, கறுப்பா இருக்கறவங்க எல்லாம் ஒண்ணு திருடன், இல்ல பல்லக்குத் தூக்கறவன். நம்ப மாதிரி ஒருத்தர்கூடவா நல்லவங்க இல்ல?"

"படம் போடறவங்க அப்பிடிப் போடறாங்க."

"அப்ப நீங்களே பாத்துக்கினு இருங்க" என்று எழுந்து போனவர், அப்புறம் மணையில் உட்காரவில்லை. தனியாகப் படிக்கச் சிங்காரவேலால் முடியவில்லை. நாலு வரிக்கு ஒருமுறை காலி மணையைப் பார்க்கிறார்.

நேற்று நான் போனபோது, சோற்றுத் தூக்கோடு வந்த விருத்தாம்பாள் வாசலிலேயே நின்றிருந்தார். சிங்காரவேல் கையில் பென்சில். முனை மடிந்தாலே பொறுக்காத மனிதர், புத்தகத்திலேயே கோடு போட்டுக்கொண்டிருந்தார். அதே ராஜகுமாரி, அடுத்த பக்கத்தில் அரியணையில் இருந்தாள். அவளுடைய வெள்ளை நெற்றி, கன்னம், கை எல்லாம் மெல்ல மெல்லக் கறுத்தன. கிரீடத்தில் அவர் பென்சில் படவில்லை.

"இந்தா, பாரு" என்றார்.

விருத்தாம்பாள் தூக்கைக் கீழே வைத்தார். புடவைத் தலைப்பில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மணையை இழுத்துப் போட்டார்.