கண்ணாடி ஏற்றிய காண்டசா

வீரமணிக்கு வாய் முந்திக்கொள்ளும், யோசனை மெதுவாகப் பின்னால் வந்து சேரும். அரியலூரில் சிமெண்ட் ஆலை அதிகாரி ஒருவருக்கு வருடக்கணக்கில் கார் ஓட்டியவர். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அவரைப் போல நிதானமான ஆளைப் பார்க்க முடியாது. வாயைத் திறந்தால் மட்டும் பிரேக் பிடிக்காது. அந்த வாயால்தான் தொண்ணூற்றைந்தாம் வருடத்துக் கத்திரி வெயிலில் ஒரு சின்னப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தார். பத்து வருடம் கழித்துத் திருமானூர்த் தெருவில் வியர்த்து வழிந்தது அதனால்தான்.

அன்றைக்கு அதிகாரியை ரயில் ஏற்றிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். பஸ் நிலையத்து வாசலில் அவருடைய அக்கா இருசம்மாள், மகள் புவனேஸ்வரியைக் கையில் பிடித்துக்கொண்டு தா.பழூர் பஸ்ஸுக்காகக் காய்ந்துகொண்டிருந்தாள். தம்பிக்கு மனசு கேட்குமா? இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஏசியைப் போட்டுவிட்டார். முன் சீட்டில் உட்கார்ந்த பத்து வயதுப் புவனா, டேஷ்போர்டில் குளிர்காற்று வரும் சந்தில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, இறங்கும் வரை எடுக்கவே இல்லை. தன் கல்யாணத்துக்கும் இதே கார்தான் வேண்டும் என்றாள்.

"ஒன் பொண்ணழைப்பே இதுலதான் ஆயி. ஏசி போட்டு, கண்ணாடிய ஏத்திவுட்டு, ராணி மாதிரி கூட்டிப் போறேன் பாரு" என்றார் வீரமணி.

கம்பெனிக் காரைச் சொந்தக் கார் மாதிரி பேசுகிறானே என்று இருசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். புவனா அப்படி விடவில்லை. மறுநாளே பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியாயிற்று.

சும்மா சொல்லக் கூடாது, வீரமணிக்கு அதிர்ஷ்டம் உண்டு. நாலைந்து வருடத்தில் அதிகாரி புது வண்டி வாங்கினார். பழைய காண்டசாவை வேறு யாருக்கும் தள்ளாமல் இவருக்கே பெயர் மாற்றிக் கொடுத்தார். ஏர் பூட்டும் கூலிக்காரரின் மகன் காருக்குச் சொந்தக்காரன் ஆனது தா.பழூர்ப் பக்கம் சாதாரணச் செய்தி இல்லை. தெருவே வந்து தொட்டுப் பார்த்தது. ஆனால் வண்டி கைக்கு வந்த வருடமே ஏசி மூச்சை நிறுத்திவிட்டது. வயசான வண்டி, குழாய்களில் ஓட்டை, கேஸ் எல்லாம் போய்விட்டது. வாடகைக்கு வருகிறவர்கள் ஜன்னலைத் திறந்துகொண்டார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முடிந்த கதையில் வீரமணி கை வைத்த இடம் ஒன்று உண்டு. ஏசி வண்டியில் கிரில்லுக்குப் பின்னால் சல்லடை மாதிரி ஒரு தகட்டுப் பெட்டி இருக்கும். கண்டன்சர் என்பார்கள். காருக்குள்ளிருந்து உறிஞ்சிய சூட்டை அதுதான் வெளியே கொட்ட வேண்டும். வண்டி ஓடினால் எதிர்காற்று அதை ஆற்றிவிடும், வண்டி நின்றால் ஆற்றுவதற்கென்று அதன் முன்னால் ஒரு கரண்ட் ஃபேன் சுற்றும். புவனா பத்தாவது பரீட்சைக்குப் படித்த வருடம் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. பிள்ளை விசிறிக்கொண்டே படிப்பதைப் பார்த்த வீரமணி, செத்த ஏசிக்கு ஃபேன் எதற்கு என்று அதைக் கழற்றினார். ஒரு மரச்சட்டத்தில் பொருத்தி, பழைய பேட்டரியோடு அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தார். எங்கிருந்து வந்தது என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மாமா ஃபேன் என்று அதற்குப் பெயர் வந்தது.

இரண்டாயிரத்து ஐந்தில் திருமானூர் நடராசன் மகன் அருள்முருகனுக்குப் புவனாவைப் பேசி முடித்தார்கள். வைகாசியில் கல்யாணம். பத்திரிகைக் கட்டை வாங்க வந்த மாமாவிடம் புவனா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். ஏசி வேலை செய்கிறதா என்றாள்.

"செய்யும்" என்றது வீரமணியின் வாய்.

மறுநாள் காலையில் காண்டசா பெரம்பலூரில் நின்றது. துறையூர் சாலையில் தர்மராஜ் என்பவர் பட்டறை வைத்திருந்தார். துபாயில் கார் ஏசி வேலை பார்த்துவிட்டு வந்தவர். பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, பழைய கேஸை இனி நம்ப முடியாது, அது வானத்து ஓசோனைக் கெடுக்கிறது என்று உலகம் பூராவும் நிறுத்திக்கொண்டு வருகிறார்கள் என்றார். ரிப்பேர் பண்ணுவதைவிட வண்டியையே புது கேஸுக்கு மாற்றிவிடலாம் என்று யோசனை சொன்னார். இந்தப் பழைய வண்டிக்கு அது முடியுமா என்று வீரமணி இரண்டு தடவை கேட்டார். முடியும் என்று தர்மராஜ் சொன்னதும் அந்த ஆளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

மாற்றுவது என்றால் சிலிண்டரை மாற்றிச் சொருகுவது இல்லை. புது கேஸுக்கும் பழைய எண்ணெய்க்கும் ஒத்துப்போகாது. கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்து, கறுத்துப்போன எண்ணெயைச் சொட்டு விடாமல் வடித்து, குழாய்களைக் கழுவி ஊதினார் தர்மராஜ். பொத்துப்போன ஹோஸ்கள் போயின, புதுசு வந்தது. மூட்டுக்கு மூட்டு இருந்த ரப்பர் வளையங்களை மாற்றினார். ஈரத்தை உறிஞ்சும் டிரையர் புட்டியை மாற்றினார். கேஸ் ஏற்றும் வாய்க்கு வேறு மூடி வந்தது. கடைசியில் வாக்குவம் பம்பைப் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தார். மீட்டர் முள் இறங்கி ஒரே இடத்தில் நின்றது. அது அசையவில்லை என்றால் ஓட்டை இல்லை என்று அர்த்தம். பிரசவ வார்டு வாசலில் நிற்கிற ஆள் மாதிரி வீரமணி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். தர்மராஜ் டீ வாங்கிக் கொடுத்தார். அது ஆறி ஆடை கட்டியதுதான் மிச்சம்.

முள் அசையவில்லை. பழைய அளவைவிடக் கொஞ்சம் குறைத்துப் புது கேஸை ஏற்றும்போதுதான் தர்மராஜ் முன்பக்கம் குனிந்து பார்த்தார். இங்கே ஒரு ஃபேன் இருந்திருக்க வேண்டுமே என்று கேட்டார்.

வீரமணி தலையைச் சொறிந்தார். கல்யாண வீடு, உறவுக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், கரண்ட் நினைத்தால் போகிறது. தாய்மாமன் சீர் கொண்டுபோக வேண்டிய நேரத்தில், கொடுத்த ஃபேனைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு போய் நிற்பதா?

"வண்டி ஓடுற வரைக்கும் ஒண்ணும் தெரியாதுண்ணே. நின்னாத்தான் தொல்லை. புது கேஸு பழசவிட சூடு தள்ளும்" என்றார் தர்மராஜ்.

"என் வண்டி எங்கங்க நிக்கப் போவுது" என்றார் வீரமணி.

இரண்டு பேருமாக நெடுஞ்சாலையில் பாடாலூர் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். உச்சி வெயில். உள்ளே வீரமணியின் விரல் மரத்துப்போனது. வாய் ஓயாத மனுஷன் போகும்போதும் பேசவில்லை, வரும்போதும் பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டதற்குக் குளிர்காற்றைக் காரணம் சொன்னார்.

அவர்கள் பக்கம் கல்யாணம் மாப்பிள்ளை ஊரில்தான். முதல்நாளே பெண்ணை அழைத்துப் போக வேண்டும். பிற்பகல் வெயிலில் தா.பழூரில் கிளம்பிய காண்டசா, ஏலாக்குறிச்சி வழியாகப் பறந்தது. முன் சீட்டில் பட்டும் பூவுமாகப் புவனா, பின் சீட்டில் இருசம்மாளும் சீர்த்தட்டுகளும். புவனாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இருசம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கொஞ்சம் குறைடா தம்பி, நடுங்குது என்றாள். வைகாசி மாதத்தில் தன் அக்கா குளிருது என்று சொல்லி வீரமணி கேட்டுவிட்டார். அந்த நிமிஷம் அவருக்கு மேல் ஒருவரும் இல்லை.

திருமானூர் எல்லைப் பிள்ளையார் கோயிலில் நாயனமும் தவிலும் காத்திருந்தன. ஏசி காரில் பெண் வருகிறது என்று நடராசன் ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தார். அந்தக் காலத்தில் கண்ணாடி ஏற்றியிருந்தால்தான் அது ஏசி கார் என்பது கணக்கு. ஆகவே ஜனங்கள் முதலில் பார்த்தது பெண்ணை இல்லை, கண்ணாடியை. ஏற்றித்தான் இருந்தது. நடராசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு முன்னால் நடந்தார்.

ஊர்வலம் கிளம்பியது. அப்போதுதான் வீரமணிக்கு உறைத்தது. தவில்காரர் ஒரு அடி எடுத்து வைத்தால் கார் ஒரு அடி நகர வேண்டும். அவர் நின்று வாசித்தால் காரும் நிற்க வேண்டும். எத்தனை கல்யாணத்துக்கு வண்டி ஓட்டியவர், பெண்ணழைப்பு என்றால் ஆமை வேகம் என்று தெரியாதா? தெரியும். பாடாலூர் வரை பறந்து சோதித்த சந்தோஷத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

முதல் தெரு திரும்புவதற்குள் குளிர் போனது. இரண்டாவது தெருவில் அனல் அடித்தது. மூடிய காருக்குள் பூவும் சந்தனமும் சேர்ந்து புழுங்கின. புவனாவின் நெற்றிப் பொட்டு கரைந்து மூக்கு வரை வந்துவிட்டது. வெளியே ஜனங்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்து ஏசி காரின் குளிரைப் பார்த்தார்கள்.

"மாமா, வேர்த்து ஊத்துது. கண்ணாடிய எறக்கவா?"

அவளுடைய கை கண்ணாடிப் பிடியில் இருந்தது. இறக்கினால் எல்லாம் முடிந்தது. ஏசி இல்லாத காரை ஏசி கார் என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள் என்ற பேச்சோடு அவள் அந்த வீட்டு வாசலில் கால் வைக்க வேண்டும். வீரமணியால் பொய் சொல்ல முடியவில்லை.

"வண்டி மெதுவா போனா ஆத்துறதுக்கு முன்னாடி ஒரு ஃபேன் இருக்கணும் ஆயி. அது ஓங்க வூட்டுல சுத்திக்கிட்டு இருக்கு."

புவனா அவர் பக்கம் திரும்பினாள். "நான் பத்தாவது படிச்சப்ப கொண்டாந்தீங்களே, அதா?"

"அதான்."

அவள் கண்ணாடிப் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அப்ப எறக்க வேணாம். நீங்க ஓட்டுங்க மாமா" என்றாள்.

இன்னும் மூன்று தெரு இருந்தது. இந்தப் பிள்ளையை வேகவைத்தா கொண்டுபோய் இறக்குவது?

மூன்றாவது தெரு முனையில் ஜெகதாம்பாள் என்று ஒரு அம்மாள் இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தாள். பெண் வருகிற பாதையில் புழுதி அடங்கட்டும் என்று தண்ணீரை வீசி ஊற்றினாள். பாதி தரையில் விழுந்தது, பாதி காரின் கிரில்லில் அடித்தது. உள்ளே சுர்ரென்று ஒரு சத்தம், பானட்டிலிருந்து ஆவி. ஜெகதாம்பாள் பதறிப்போனாள். ஆனால் உள்ளே, டேஷ்போர்டு சந்திலிருந்து ஒரு வீச்சு ஜில்லென்று வந்து புவனாவின் கன்னத்தில் பட்டது.

"மாமா" என்றாள் அவள்.

வீரமணி கதவைத் திறந்துகொண்டு குதித்தார். "இன்னொரு கொடம் ஊத்துங்க அத்தை. தரையில வேணாம், இங்க ஊத்துங்க" என்று கிரில்லைக் காட்டினார்.

ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள், அவளும் ஒரு குடம் கொண்டுவந்தாள். எதிர்வீட்டுக்காரி சும்மா இருப்பாளா? அடுத்த வாசலில் இரண்டு குடம், அதற்கடுத்த வாசலில் அண்டாவே வந்தது. தவில்காரருக்கு எங்கிருந்தோ உருமி மேளத்து வேகம் வந்துவிட்டது. இளவட்டங்கள் ஈரத் தரையில் ஆட்டம் போட்டார்கள். என்ன கூத்து இது என்று திரும்பி வந்த நடராசனிடம், தா.பழூர்ப் பக்கம் பெண் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மரியாதையில் குறை வைக்கிற மனுஷன் இல்லை அவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு குடத்தைப் பிடுங்கித் தானே ஊற்றினார். வீரமணி மறுத்துப் பேசவில்லை. அவர் வாய் சும்மா இருந்த வெகு சில நேரங்களில் அதுவும் ஒன்று.

கல்யாண வீட்டு வாசலில் கதவு திறந்தபோது, ஆரத்தி எடுக்க வந்த பெண்களின் முகத்தில் குளிர்காற்று அடித்தது. ஒருத்தி தட்டில் இருந்த கற்பூரத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள். பொட்டைத் திருத்திக்கொண்டு புவனா சிரித்தபடி இறங்கினாள்.

அந்தத் தெருவில் இப்போதும் பெண் வருகிற வண்டிக்கு ஆளுக்கொரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதற்கு அப்புறம் ஒரு தடவை டிராக்டரில் வந்த பெண்ணுக்கும் ஊற்றினார்கள். ஏன் என்று கேட்டால், வழக்கம் என்கிறார்கள்.

மறுவீட்டு விருந்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் தா.பழூர் வந்தார்கள். இலை எடுத்ததும் புவனா நேராக உள்ளே போய், மரச்சட்டத்தோடு மாமா ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கரண்ட் போனால் அக்காவுக்கு வேணும், வை என்றார் வீரமணி. அவள் கேட்கவில்லை.

"இது எனக்குக் காத்து போட்டது போதும். ஒங்க வண்டியில மாட்டுங்க" என்றாள்.

கழற்றிய கைக்கு மாட்டத் தெரியாதா? அருள்முருகன் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். வெயில் தாழ்வதற்குள் ஃபேன் பழைய இடத்தில் சுற்றியது.

உடனே ஒரு சுற்றுப் போக வேண்டும் என்றாள் புவனா. மாப்பிள்ளையைப் பின் சீட்டுக்கு அனுப்பிவிட்டு முன்னால் ஏறி, கண்ணாடியை ஏற்றி, பத்து வயதில் செய்த மாதிரியே முகத்தைக் குளிர்காற்றுச் சந்தில் ஒட்டி வைத்துக்கொண்டாள். தா.பழூர்க் கடைத்தெருவில், வைக்கோல் ஏற்றிப் போன ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் காண்டசா ஊர்ந்தது. ஒதுங்கிப் போக இடம் இருந்தது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தான். வீரமணி முதல் கியரை விட்டு மாறவே இல்லை.