பல் செட்டுக்காரரின் தொட்டிப் படகு

எங்கள் பாய்மரப் படகு கிளப்பில் ஒரு சண்டை உண்டு. நான் சேருவதற்கு முன்பே தொடங்கியது, நான் போய்ச் சேர்ந்த பிறகும் நடக்கும். புதிதாகப் பழக வருகிறவர்களை முதலில் எந்தப் படகில் ஏற்றுவது என்பதுதான் சண்டை. 'தொட்டி' என்று ஒரு படகு இருக்கிறது. ஒட்டுப்பலகையில் செய்த குட்டிப் படகு. சப்பை மூக்கு, ஒரே ஒரு பாய். லேசில் கவிழாது, லேசில் நகரவும் நகராது. 'ஊசி' என்று இன்னொன்று இருக்கிறது. ஒல்லியானது, வேகமானது, உட்கார்ந்தவர் தும்மினால்கூடக் கவிழ்ந்துவிடும்.

நான் ஊசிக் கட்சி. நாலு முறை ஏரித் தண்ணீரைக் குடித்தவனுக்குத்தான் காற்று புரியும் என்பது எங்கள் கொள்கை. தொட்டிக் கட்சித் தலைவர் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாளே தண்ணீர் குடித்தவன் மறுநாள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான் என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்காகக் கட்சி மாற முடியுமா?

இந்த இரண்டு கட்சியிலும் சேராமல், ஆனால் ஞாயிறு தவறாமல் தொட்டியில் மட்டுமே போய்வந்துகொண்டிருந்தவர் பல் செட்டுக்காரர். பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவர். யாருடைய வாய் என்று அவருக்குத் தெரியாது. மருத்துவர் எடுத்தனுப்பும் அச்சு வரும், அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பல் வரிசை வைத்து, தேய்த்து, மினுக்கி அனுப்பிவிடுவார். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். அவர் சிரித்து நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. சிடுமூஞ்சி என்று சொல்ல முடியாது. கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் மாட்டார்.

சேர்ந்து பல வருடமாகியும் மனிதர் தொட்டியை விட்டு இறங்கவில்லை. எங்களுக்கு அது மானப் பிரச்சினை. அவருக்குப் பிறகு சேர்ந்தவர்கள் எல்லாம் ஊசியில் சிட்டாய்ப் பறக்கிறார்கள், இவர் மட்டும் தொட்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் கட்சியில் ஒரு சைக்கிள் கடைக்காரர் உண்டு. எதற்கெடுத்தாலும் தீர்ப்பு சொல்வதால் அவருக்கு 'நீதிபதி' என்று பெயர். அவரும் நானும் மாறி மாறி எடுத்துச் சொல்லிப் பார்த்தோம். பல் செட்டுக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், அடுத்த ஞாயிறு மறுபடி தொட்டியைத் தள்ளிக்கொண்டு போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடக் கூட்டத்தில் நீதிபதி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கொட்டகையில் இடம் போதவில்லை, தொட்டியும் பழசாகிவிட்டது, உடைத்துப் போட்டுவிட்டு இன்னொரு ஊசி வாங்கலாம் என்றார். தீயணைப்புக்காரர் மேசையைத் தட்டினார். நான் பதிலுக்குத் தட்டினேன். அந்த அமளியில் பல் செட்டுக்காரர் எழுந்து நின்றதை முதலில் யாருமே கவனிக்கவில்லை.

"இப்ப உடைக்காதீங்க" என்றார். "ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க. என் வீட்டுக்காரம்மா வரேன்னு சொல்லியிருக்காங்க."

அதற்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று நீதிபதி கேட்டார். பல் செட்டுக்காரர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் பேசினார்.

"பொண்ணு கல்யாணமாகி வெளிநாடு போனதுலேர்ந்து வீட்டுல பேச்சே இல்லைங்க. சண்டையும் இல்ல. சாப்பிட்டீங்களாம்பா, சாப்பிட்டேன்பேன், அவ்வளவுதான். நான் ஹாலுக்கு வந்தா அவ ரூமுக்குப் போயிடுவா. நானும் அப்படித்தான். படகுல அது முடியாது. ரெண்டு பேரும் எதிரெதிர உக்காந்துதான் ஆகணும். ஊசியில கூட்டிட்டுப் போய்க் கவுந்துட்டா, அப்புறம் அவ ஆயுசுக்கும் வரமாட்டா."

அவர் அத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. மனிதர் இத்தனை வருடமாக அந்தச் சப்பை மூக்குப் படகை இந்த ஒரு சவாரிக்காகத்தான் பழகிக்கொண்டிருந்தாரா? தீர்மானத்தை நீதிபதியே ஒத்திவைத்தார்.

அந்த அம்மாவை ஊரில் எல்லோருக்கும் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். என் மருமகளே அவரிடம் பழகியவள்தான். பழகுகிறவர் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கணவர் எத்தனை முறை படகுக்குக் கூப்பிட்டும், பிரேக் இல்லாத எதிலும் ஏறமாட்டேன் என்று ஒரே பிடியாக இருந்தவர் அவர். இந்த முறை ஏன் சரி என்றார் என்று கணவருக்கே தெரியாது. கேட்டால் மனது மாறிவிடுமோ என்று பயந்து கேட்காமல் விட்டுவிட்டாராம்.

ஞாயிறு காலை அந்த அம்மா வந்தார். கார் எடுப்பதற்கு முன் டயரைப் பார்ப்பதுபோல் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இது நிக்கணும்னா என்ன பண்ணணும்?" என்று கேட்டார். பாய்க்கயிற்றை விட்டுவிட்டால் காற்று நழுவிப் போய்விடும், படகு தானாக நின்றுவிடும் என்றார் கணவர். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, மிதவை அங்கி மாட்டிக்கொள்ளக் கையை நீட்டினார். பல் செட்டுக்காரர் ஒவ்வொரு கொக்கியாக மாட்டிவிட்டார்.

நாங்கள் சும்மா இருந்திருக்கலாம். எங்களால் முடியுமா? தொட்டியின் பின்பலகையில், அடியோரமாக ஒரு ஓட்டை உண்டு. கரையேறிய பிறகு உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிக்க வைத்தது. அதை ஒரு ரப்பர் தக்கை வைத்து அடைத்திருப்பார்கள். நீதிபதி அந்தத் தக்கையைப் பிடுங்கி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார். ஊசிக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது, ஓடும்போதே தண்ணீரைத் தானாக வெளியே தள்ளிவிடும், இது ஒரு படகா என்றார். தீயணைப்புக்காரர் சும்மா விடுவாரா? நான் நடுவில் புகுந்தேன். நாங்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது வேறு இரண்டு பேர் தொட்டியைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். நல்ல காற்று. படகு ஏரி நடுவை நோக்கி மெல்லப் போனது.

வாதம் ஓய்ந்து நீதிபதி முகம் துடைக்கக் கைக்குட்டை எடுத்தார். கைக்குட்டையோடு தக்கையும் வந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

மூவரும் கிளப்பின் மோட்டார் படகை நோக்கி ஓடினோம். தொட்டி மூழ்கிவிடாது, உள்ளே காற்றுப் பெட்டிகள் இருக்கின்றன. மூழ்குவது படகில்லை. அந்த மனிதர் கேட்டு வாங்கிய ஒரே ஒரு ஞாயிறு எங்கள் வாயால் பாழாகப் போகிறது.

கிட்டே போனபோது தொட்டிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பல் செட்டுக்காரர் அதில் குப்புறப் படுத்து, பின்பலகை ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே, ஒரு கையில் சுக்கான் கட்டையும் மறு கையில் பாய்க்கயிறுமாக அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். பேச்சு தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டது.

"இந்தப் பக்கம் தள்ளினா அந்தப் பக்கம் போகுது. எவன் செஞ்சான் இத?"

"அப்படித்தாம்மா. எங்க போகணுமோ அதுக்கு எதிர்ப்பக்கம் தள்ளு."

"தலையத் தூக்காதீங்க. விரல எடுத்தீங்கன்னா நானே உங்களத் தள்ளி விட்டுடுவேன்."

தீயணைப்புக்காரர் இழுத்துப் போக ஒரு கயிற்றை வீசினார். அந்த அம்மா அதைத் தொடவே இல்லை. "மோட்டார முதல்ல அமத்துங்க" என்றார். "பழகறவங்க வண்டி வரும்போது குறுக்க வராதீங்க." எரிகிற வீடுகளுக்குள் புகுந்து வந்த மனிதர், மறுபேச்சில்லாமல் மோட்டாரை அமர்த்தினார். நீதிபதி தக்கையை எடுத்து வீசினார். அது ஏரியில் விழுந்தது.

தொட்டி எங்களைத் தாண்டிக் கரையைப் பார்த்துப் போனது. கோணல்மாணலாகத்தான் போனது. ஒரு முறை முழு வட்டமே அடித்தது. அந்த வட்டம் நெடுகிலும் அந்த அம்மா ஏதோ கேட்க, கணவர் படகுக்குள் கிடந்தபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் சப்பை மூக்கு கரைச் சரிவில் டமாரென்று மோதி நின்றது. "நிறுத்தினது சரியில்ல" என்று அந்த அம்மா தனக்குத்தானே மார்க் போட்டுக்கொண்டு இறங்கினார்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கரையில் சண்டை தொடங்கிவிட்டது. தொட்டியாக இருந்ததால்தான் தப்பித்தார்கள் என்று ஒரு கட்சி, தொட்டியாக இருந்ததால்தான் இந்த வினையே வந்தது என்று இன்னொரு கட்சி. தக்கையைக் கழற்றியது யார் என்று அந்த அம்மா கேட்டதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். நீதிபதி பள்ளிக்கூடப் பையன்போல் கையைத் தூக்கினார். அந்த அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார், அதற்கு மேல் அவரைப் பொருட்படுத்தவில்லை. கணவர் பக்கம் திரும்பினார்.

பல் செட்டுக்காரரின் கட்டைவிரல் வீங்கி நீலம் பாரித்திருந்தது. அந்த அம்மா அதைப் பிடித்து இழுத்துத் தன் துண்டால் பரபரவென்று தேய்த்தார். ஏறுவதற்கு முன் பார்க்கவேண்டாமா, நாளைக்கு இந்த விரலை வைத்துத்தானே பல் செய்யவேண்டும், அந்த நினைப்பாவது இருக்கிறதா என்று பொரிந்து தள்ளினார். அப்புறம் தேய்ப்பது நின்றது.

"இத்தனை வருஷமா இதுல தனியாப் போயிட்டு வந்திருக்கீங்க" என்றார். "அப்ப இப்படி ஆகியிருந்தா, யாருங்க ஓட்டியிருப்பா?"

அவர் மறு கையால் அந்தத் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

தொட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து நாங்களே கொட்டகையில் ஏற்றினோம். அந்த அம்மா ஈரத் துணியோடு முன்னே நடந்தார், நடந்துகொண்டே திட்டினார். பல் செட்டுக்காரர் இரண்டடி பின்னால் போனவர், என் அருகில் ஒரு நிமிடம் நின்றார். கண்ணெல்லாம் நிறைந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"வீடு வரைக்கும் திட்டுவா போல இருக்கு" என்று சொல்லிவிட்டு, எட்டி நடைபோட்டு அவரோடு சேர்ந்துகொண்டார்.