பிறந்த இடத்துக்கு ஆதாரம்

நான் சித்திரக்கதைப் புத்தகம் வரைந்து போடுகிறவன். இணையக் கலைக்களஞ்சியத்தில் என்னைப் பற்றி எழுதியவரை இலங்கை மலையகத்து ஹட்டன் நகரில் ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்தித்தேன். தேயிலைத் தோட்டப் பள்ளி ஆசிரியர். கழுத்தில் பச்சை மப்ளர். அதன் நுனியால் போன் திரையைத் துடைத்துவிட்டுத்தான் ஒவ்வொரு வரியாகத் திருத்துவார்.

"தோட்டத்து லயத்துல பொறந்தவர்னு இருக்கே சேர், ஹட்டன்னு மாத்திருங்க" என்றேன். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டைச் சொல்லாமல், வேலை தேடிய காலத்திலிருந்து ஊரைக் கேட்டால் அப்படித்தான் சொல்லிப் பழகியிருந்தேன்.

"மாத்துறேங்க. ஆனா ஆதாரம் கேப்பாங்களே?"

"லயத்துக்கு மட்டும் என்ன ஆதாரம் வச்சீங்க?"

"உங்க புத்தகந்தாங்க. மொத பக்கத்துலயே லயத்துக் காம்பராவுல உங்கள பெத்துட்டு உங்க அம்மா படுத்திருக்காங்களே."

திரையை மறுபடி துடைத்துவிட்டு, என் பதிலுக்காகக் காத்திருந்தார். முகத்தில் துளிக் கிண்டல் இல்லை. அந்த முகத்தை மட்டும் என்னால் இன்றுவரை வரைய முடியவில்லை.