கடைசியில் நடப்பவள்

மலை இறங்கும் கூட்டத்தில் என் அக்காவுக்கு 'வால்' என்று பெயர். வைத்தவர் அத்தான்தான். "முன்னாடி நான் தலை, பின்னாடி இவ வால், நடுவுல வர்றதெல்லாம் வயிறு" என்பார், வழியெல்லாம் எதையாவது கொறித்துக்கொண்டே நடக்கிற நகரத்து ஆட்களைக் காட்டி.

ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்கு, இவர்களை ஒருநாள் நடை கூட்டிப்போவதுதான் எங்கள் பிழைப்பு. காலையில் எல்லோரையும் வேனில் கொண்டுபோய் மலை உச்சியில் இறக்கிவிட்டு, நான் சுற்றிக்கொண்டு போய்க் கடற்கரையில் காத்திருப்பேன். அவர்கள் காடு வழியாக இறங்கி, கடலைப் பார்த்த பாறை விளிம்பை ஒட்டி நடந்து, ஒரு வண்டிப்பாதையைத் தாண்டி, படிகளில் கரைக்கு வருவார்கள். போட்டோவில் பார்த்தால் சொர்க்கம். வருகிறவர்களின் செருப்புக்கடிக்கெல்லாம் மருந்து போடுகிற என் அக்காவைக் கேட்டால் அந்தச் சொர்க்கத்தின் லட்சணம் தெரியும்.

அத்தான் முன்னால் போய் மரக்கிளைகளில் சிவப்புத் துணி கட்டி வழி காட்டுவார். அக்கா கடைசி ஆளுக்கும் பின்னால் வந்து அவிழ்ப்பாள். காட்டில் எதையும் விட்டுவரக் கூடாது என்பது ஒரு காரணம். துணி இல்லையென்றால் வால் கடந்துவிட்டது, பின்னால் யாரும் இல்லை என்று அர்த்தம்; அது இன்னொன்று. சைக்கிள் கடைக்கு மேலே அவர்களுக்கு ஒற்றை அறை. துவைத்த சிவப்புத் துணிகள் ஜன்னல் கம்பி முழுக்கக் காயும்.

போன வருஷம் அத்தானுக்குக் கண் கெட்டது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். வழி மனப்பாடம் என்பதால் கால் சமாளித்தது.

"முதலாளிகிட்ட சொல்லிடுக்கா" என்றேன்.

எரிந்து விழுந்தாள். "வீட்டுல உக்கார வெச்சா அவர் உசுரோட இருக்க மாட்டார்டா. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு."

ஒருநாள் மதியம் மூடுபனி இறங்கியது. கூட்டம் கரைக்கு வந்துவிட்டது. அக்காவையும் ஒரு டீச்சரம்மாவையும் மட்டும் காணோம். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. அத்தானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "போயி கூட்டிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். நானும் வருகிறேன் என்றதற்கு, "இவங்களை யாருடா பாத்துக்கறது?" என்று அதட்டிவிட்டுப் படியேறினார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில், கால் பிசகிய டீச்சரம்மாவைத் தோளில் தாங்கியபடி அக்கா வந்து சேர்ந்தாள். படியில் இறக்க முடியாது என்று வண்டிப்பாதையில் சுற்றிக் கூட்டி வந்திருக்கிறாள். பாறை விளிம்பில் கட்டியிருந்த துணிகளெல்லாம் அவள் பையில் இருந்தன.

"அவர் எங்கடா?"

"உன்னைத் தேடித்தான் மேல போனாருக்கா."

டீச்சரம்மாவை அப்படியே என்மேல் சாய்த்துவிட்டு ஓடினாள்.

மறுநாள் காலையில் வனக்காவலர்கள் அத்தானைப் பாறைக்குக் கீழே, அலையடிக்கும் இடத்திலிருந்து எடுத்தார்கள்.

விளிம்புப் பாதை மரங்களில், துணி கட்டும் உயரத்தில், ஈரமண் படிந்த கை அடையாளங்கள் இருந்தன. மரத்துக்கு மரம் தடவித் தேடியிருக்கிறார். துணி இல்லையென்றால் அவள் கடந்துவிட்டாள் என்பது அவரே போட்ட சட்டம்தான். ஆனால் துணி இல்லையா, தன் கண்ணுக்கும் கைக்கும்தான் அகப்படவில்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அக்கா இன்னும் மேலே பனியில் நிற்கிறாள் என்று நினைத்துப் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் முதலாளி வீட்டுக்கு வந்தார். ஆறுதலாக, "உங்களை மாதிரி சுத்தமா வேலை பாக்கறவங்க கிடையாதும்மா" என்றார்.

அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஒரே ஒரு துணியை மறந்து விட்டுட்டு வந்திருக்கக் கூடாதாடா நான்? அதைப் புடிச்சுக்கிட்டு, நான் வர்ற வரைக்கும் அங்கேயே நின்னிருப்பாரே!"