நான் பாஸான சோதனை

இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத வராது, வாசிக்கவும் வராது. மக்கு என்று நினைத்துவிடாதீர்கள், அப்படி நினைக்கச் சுன்னாகத்துப் பக்கம் எங்கள் ஊரில் போதுமான ஆட்கள் இருந்தார்கள். காதால் கேட்டது எதுவும் எனக்கு மறக்காது. கோயிலில் ஒருதரம் கேட்ட தேவாரத்தை வீட்டுக்கு வந்து முழுதாகப் பாடுவேன். புத்தகத்தைத் திறந்தால்தான் ஒரு எழுத்தும் ஓரிடத்தில் நிற்காது.

நாலாம் வகுப்பில் ரீச்சர் ஒருவர் மட்டும் பிரம்பைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணம் டவுனில் கன்னியர் மடத்தில் ஒரு சிஸ்டர் இருக்கிறாராம், வெளிநாட்டில் படித்தவராம், வாசிக்கத் திணறும் பிள்ளைகளைச் சோதித்துப் பார்ப்பாராம். அவர் எழுதிக் கொடுத்தால் தனி வகுப்பில் இடம் உண்டு. பள்ளிக்கூடத்துச் சோதனைகளில் ஒருவர் கேள்வியை வாசித்துக் காட்டுவார், நான் வாயால் பதில் சொன்னால் போதும். ஐயோ, அது மட்டும் கிடைத்திருந்தால்!

ஆனால் சோதித்துத்தான் இடம் கொடுப்பார்கள் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கூடப் புள்ளி எடுத்த பிள்ளைக்கு இடம். அம்மாவின் தம்பி, என் மாமா, ரியூட்டரியில் கணக்குப் படிப்பிப்பவர். செய்தி கேட்டதும் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அக்கா, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. ஒரு கிழமை தாங்கோ, பிள்ளையைப் பாஸ் பண்ண வைக்கிறன்."

பக்கத்து வளவுப் பெடியனுக்கு ஏற்கெனவே இடம் கிடைத்திருந்தது. வீட்டில் பழகச் சொல்லி சிஸ்டர் அவனிடம் கொடுத்துவிட்ட பாடத்தாளை மாமா வாங்கி வந்தார். "உவன் மொக்கனே எடுத்துப்போட்டான், எங்கடை பிள்ளை எடுக்காதோ?" என்றார். அந்த மொக்கன் எப்படி எடுத்தான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

மாமா வாசிக்க நான் கேட்டேன். சந்தைக்குப் போன முத்து என்பவனின் கதை. இரண்டாம்தரமே எனக்கு மனப்பாடம். எந்தச் சொல்லுக்கு விரல் எங்கே நிற்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், எல்லாம் பழக்கினார். அப்படி ஒரு வாத்தியார் எனக்குப் பிறகு வாய்க்கவேயில்லை, சனியன் பிடித்த வேலை!

ஏழாம் நாள் அப்பாவும் அம்மாவும் என்னை டவுனுக்குக் கூட்டிப் போனார்கள். சிஸ்டர் அதே தாளைத்தான் நீட்டினார். நான் விரலை ஓட்டிக்கொண்டு கணீரென்று 'வாசித்தேன்'. கதையில் கேட்ட கேள்விகளுக்கும் டக்கென்று பதில் சொன்னேன். சிஸ்டர் என் கன்னத்தைத் தட்டினார்.

"வடிவா வாசிக்கிறா. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை."

"அப்ப இடம், சிஸ்டர்?" என்றார் அப்பா.

"இடமோ? அது வாசிக்க ஏலாத பிள்ளையளுக்கல்லோ."

அம்மா வாயைத் திறந்தார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் திறந்த வாய் மூடிக்கொண்டது. களவாகத் தாள் வாங்கிப் பாடமாக்கினோம் என்று எந்த முகத்தோடு சொல்வது? "நல்லது சிஸ்டர், பெரிய சந்தோசம்" என்று கும்பிட்டுவிட்டு அப்பா எழுந்தார்.

சிஸ்டர் சொன்னது பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்கவில்லை என்றால் அதற்குப் பஞ்சி, சோம்பல் என்று பெயர். பஞ்சிக்கு மருந்து பிரம்பு. அந்த ரீச்சரும் கையை விரித்துவிட்டார். எட்டாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துவிட்டார்கள்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? திரும்பி வரும் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து எனக்குள்ளே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். எங்கேயோ ஒரு சொல்லை விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"திருப்பிச் சொல்லிக் காட்டட்டே அம்மா?" என்று கேட்டு, முதல் வரியிலிருந்து தொடங்கினேன். அம்மா கையால் என் வாயைப் பொத்தினார்.