நாலு சிவப்புக் கோட்டுக்காரரும் அண்ணையும்

வட லண்டன் எட்மண்டனில் என் அண்ணை வீடு இருக்கும் தெருவில் கிறிஸ்மஸ் விளக்குகள் நவம்பரிலேயே எரியத் தொடங்கிவிடும். அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. அண்ணை கதவைத் திறக்கும்போது உள்ளே நாலு அமெரிக்க ஆண்கள் ஒரே மூச்சில் பாடிக்கொண்டிருந்தால்தான் எனக்கு நத்தார். அமெரிக்காவின் தென்பகுதித் தேவாலயங்களில் வளர்ந்த பாட்டு அது. ஒருவர் உச்சியில் நிற்பார், ஒருவர் மெட்டைப் பிடித்துக்கொண்டு போவார், ஒருவர் நடுவில் ஒட்டுப்போடுவார். நாலாவது ஆள் கீழே, நிலத்துக்கடியில் இருந்து பாடுவதுபோல இருக்கும். அந்தக் குரலை பேஸ் என்பார்கள். எங்கள் குடும்பத்தில் அது அண்ணையின் இடம்.

அண்ணை லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பஸ் டிப்போவில் கூட வேலை செய்த ஜமேக்காக்காரர் ஒருவர் நத்தார்ப் பரிசாக அவருக்கு ஒரு கசெட் கொடுத்தார். அட்டையில் சிவப்புக் கோட்டுப் போட்ட நாலு பேர், புயலடித்தாலும் கலையாத தலைமயிரோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். சில வருடம் கழித்து நான் வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டில் சேர்ந்தபோது அந்தக் கசெட் தேய்ந்து, பாடுகிறவர்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோலக் கேட்டது. பிறகு சீடி வந்தது. ஒவ்வொரு மார்கழிக்கும் எங்கேயாவது தேடி ஒரு புது நால்வரைப் பிடித்துக்கொண்டு வருவார். எல்லாரும் பாடுவது அதே தொழுவம், அதே இடையர், அதே நட்சத்திரம். கோட்டின் நிறம்தான் மாறுகிறது என்று நான் சொல்வேன்.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசைக்கு வருகிற அம்மா ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, அண்ணியைத் தனியே கூப்பிட்டு, உன் மனுசன் அல்லேலூயாக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கிவிட்டாரா என்று இரக்கத்தோடு விசாரித்தார். அண்ணிக்கு முகம் சுண்டிப்போனது. அண்ணைக்கோ ஒரே சிரிப்பு. பாட்டுக்குச் சமயம் பார்த்தால் நத்தார்க் கேக்குக்கும் பார்க்க வேண்டும், அதுவும் புரட்டஸ்தாந்துக்காரர் கடையில்தான் வாங்குகிறோம் என்றார்.

நத்தாரன்று மத்தியானச் சாப்பாடு எப்போதும் அண்ணை வீட்டில்தான். சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் முடிந்து, கைகழுவி வந்ததும் அவர் சீடியைப் போடுவார். பெரும்பாலும் கடைசிப் பாட்டின் முடிவில்தான் அந்த பேஸ்காரருக்கு வேலை. ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, இனி இறங்க ஏலாது என்கிற இடத்துக்கும் கீழே ஒரு படி இறங்குவார். அண்ணையும் கூடவே இறங்குவார். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவருடைய மகனும் மகளும் அப்பாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, அது அதிர்வதைப் பார்த்துக் கெக்கட்டம் விட்டுச் சிரிப்பார்கள். நான் சும்மா இருக்க மாட்டேன். சீடியில் இருக்கிறவன் பாடுகிறான், நீங்கள் லொறி பின்னுக்கு எடுக்கிற சத்தம் போடுகிறீர்கள் என்பேன். நாலு பேரில் ஒரு பொம்பிளைக்கும் இடம் இல்லாத எரிச்சல் உனக்கு என்பார் அண்ணை. அது உண்மைதான். குசினிக்குள் போய்ப் பாத்திரம் தேய்த்தபடி மெட்டை நான் பாடுவேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணையின் குரல் என் குரலுக்கு அடியில் பாய் விரித்ததுபோலக் கிடக்கும். அந்த நேரங்களில் நான் எவ்வளவு சந்தோசமாக இருந்திருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சென்ற வருடம் அண்ணைக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார் என்றார்கள். எடுத்தார்கள். ஆள் மிஞ்சினார். பேசுவதற்கு ஒரு கருவி கொடுத்தார்கள். கழுத்தில் அழுத்திப் பிடித்தால் யந்திரம் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஒரே ஒரு நாள் அதைப் பிடித்து, அண்ணியின் பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டு, அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் எழுதித்தான் கதைப்பார்.

அந்த வருட மார்கழி பிறந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நத்தாரன்று அந்தச் சீடி பாடி, கடைசிப் படி வந்து, அண்ணை வாயைத் திறந்து, ஒன்றும் வராமல் போனால்? நான் முதலில் செய்துவிட்டுப் பிறகு யோசிக்கிற ஆள். அவரும் அண்ணியும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு காலை, குட்மேய்ஸில் உள்ள என் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போய், என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்து, சீடி முழுவதையும் இரண்டு பையில் போட்டுக் காரின் பின்பெட்டிக்குள் வைத்தேன். சீடி அடுக்கியிருந்த தட்டு வெறுமையாகக் கண்ணில் குத்தியது. அதனால் பாலன் இயேசுவின் குடிலை அந்தத் தட்டில் ஜோடித்துவிட்டேன். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் போனில் விஷயத்தைச் சொன்னேன். மூன்று பேரும் சரி என்றுதான் சொன்னார்கள்.

நத்தாரன்று சாப்பிடும்போது கரண்டிச் சத்தம்தான் கேட்டது. கைகழுவி வந்த அண்ணை சீடித் தட்டுக்குப் போனார். குடிலில் இருந்த ஒரு இடையனைத் தூக்கிப் பின்னால் பார்த்தார். ஒரு ஒட்டகத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு திரும்பி நேரே என்னைப் பார்த்தார். அவரைத் தவிர வீட்டில் நாலு பேர் இருந்தோம், வேறு ஒருவரையும் அவர் பார்க்கவில்லை.

இப்போது சீடி ஆர் கேட்கிறார்கள், பழசெல்லாம் ஒதுக்கி ஒரு கடைக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொன்னேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். இல்லை, என் காருக்குள் இருக்கிறது, உங்களுக்கு மனம் நோகும் என்றுதான் எடுத்தேன் என்று உளறினேன்.

அண்ணை பலகையை எடுத்து எழுதினார். பேனை கீச்சிட்டது.

“போனது என்ர குரல். காதும் போனதெண்டு ஆர் சொன்னது?”

‘காது’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. அண்ணை என்மேல் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுச் செருப்போடு வெளியே போய், காரின் பின்பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதேன். அந்த வழியாகப் போன அடுத்த வீட்டுக்காரர் கையசைத்து நத்தார் வாழ்த்துச் சொன்னார். மூக்கைத் துடைத்துக்கொண்டு நானும் சொன்னேன்.

நான் உள்ளே கொண்டுவந்த பையை அண்ணை கிளறித் தனக்குப் பிடித்ததைப் போட்டார். கடைசிப் பாட்டு வந்ததும் நாங்கள் எல்லாரும் எங்கள் கோப்பைகளுக்குள் எதையோ தேடினோம். பேஸ்காரர் இறங்கினார். ஒரு படி, இன்னொரு படி, கடைசிப் படி. அண்ணை வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பாட்டு முடிந்தது. திரும்ப அதையே போட்டார். மூன்றாவது முறையும் போட்டபோது, இவர் தன்னையே வதைக்கிறார் என்று நினைத்து, நிறுத்த எழுந்தேன். கையை நீட்டித் தடுத்துவிட்டு எழுதினார்.

“இத்தனை வருஷமும் நான் மேலால பாடிப் பாடி, இந்த ஆளை ஒருநாளும் கேக்கேல்லை.”

அதை அழித்துவிட்டு எழுதினார்.

“நல்லாத்தான் பாடுறான்.”

“உங்களைப்போல இல்லை, அண்ணை,” என்றேன்.

அவருடைய தோள் குலுங்கியது. சத்தமே இல்லாததால், அவர் சிரிக்கிறார் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. பலகையைத் துடைத்து, ஒரே சொல்லை எழுதி என் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

“பொய்.”

அது பொய்யில்லை.